பாக்கெட்டுக்குள்ள ஒரு பட்டறை: நல்ல மல்டி டூலைப் பார்த்து வாங்குவது எப்படி?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

நெய்வேலியிலிருந்து பேசறேன். ரொம்ப நாளா நேயர்கள் அனுப்பற குரல் பதிவுகள்ல திரும்பத் திரும்ப ஒரு கேள்வி வந்துக்கிட்டே இருக்கு. “அண்ணே, மல்டி டூல் ஒண்ணு வாங்கணும். பதினஞ்சு கருவி இருக்கறதை வாங்கவா, இருபத்தொண்ணு இருக்கறதை வாங்கவா?” இன்னிக்கு அதைப் பத்தித்தான் பேசப்போறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எண்ணிக்கையைப் பார்த்து வாங்கினவன் நான். அதோட விலை என் வலது கை ஆள்காட்டி விரல்ல இன்னும் இருக்கு. நாலு தையல்.

2009-ல நடந்தது. ரோட்டோரக் கடையில் பளபளன்னு ஒரு மல்டி டூல். சில நூறு ரூபாய்தான். கடைக்காரர் ஒவ்வொண்ணா விரிச்சுக் காட்டினார். மயில் தோகை மாதிரி இருந்துச்சு. வாங்கிட்டேன். ஒரு வாரம் கழிச்சு இடுப்பு பெல்ட்ல புதுசா ஒரு ஓட்டை போடணும். கத்தி முனையை வச்சு அழுத்தினேன். கத்தி முன்னால போகல, பின்னால மடங்கி என் விரல் மேல விழுந்துச்சு. விரிஞ்ச கத்தியைப் பிடிச்சு நிறுத்தற லாக் அதுல இல்லை. இதுல வேடிக்கை என்னன்னா, ஓட்டை போடறதுக்குன்னே ஒரு குத்தூசி அதே கருவியில் இருந்துச்சு. அது இருக்கறதே எனக்குத் தெரியாது.

அன்னிக்குக் கத்துக்கிட்டது ரெண்டு. ஒண்ணு, எத்தனை கருவி இருக்குன்றது முக்கியமில்லை, நீங்க நம்பி அழுத்தக்கூடியது எத்தனை இருக்குன்றதுதான் முக்கியம். ரெண்டு, கையில் இருக்கறது எதுக்கு, எதுக்கு இல்லைன்னு தெரிஞ்சிருக்கணும். இன்னிக்குப் பேசப்போறது எல்லாம் இந்த ரெண்டுக்குள்ள அடங்கிடும்.

மல்டி டூல் எதுக்காக வந்தது?

கதை ரெண்டு இடத்துல தொடங்குது. ஒண்ணு சுவிட்சர்லாந்து. கார்ல் எல்சனர் என்கிற கத்தி செய்பவர் 1884-ல் இபாக் என்ற ஊரில் பட்டறை போட்டார். 1891-ல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்திகள் செய்து கொடுக்க ஆரம்பித்தார். அந்தச் சிப்பாய்க் கத்தியில் இருந்தது நாலே நாலு: கத்தி, குத்தூசி, டின் ஓப்பனர், ஸ்க்ரூ டிரைவர். டின்னைத் திறந்து சாப்பிடணும், துப்பாக்கியைக் கழட்டிச் சுத்தம் பண்ணணும், அவ்வளவுதான் தேவை. விக்டோரினாக்ஸ் கம்பெனியோட தொடக்கம் அது.

ரெண்டாவது அமெரிக்கா. டிம் லெதர்மேன் என்ற மெக்கானிக்கல் இன்ஜினியர் 1975-ல் மனைவியோட ஐரோப்பா சுத்தப் போனார். முந்நூறு டாலருக்கு வாங்கின ஒரு பழைய ஃபியட் கார். அடிக்கடி நின்னுபோகும். தங்கற விடுதிகள்ல குழாய் ஒழுகும். அவர் பாக்கெட்டில் ஒரு கத்தி இருந்துச்சு, ஆனா ஒவ்வொரு தடவையும் தேவைப்பட்டது ஒரு பிளேயர். ஊருக்குத் திரும்பி அதைத்தான் செய்ய உட்கார்ந்தார். 1980-ல் காப்புரிமை, 1983-ல் முதல் விற்பனை. எட்டு வருஷம்.

இதிலிருந்து நமக்கு என்ன? லெதர்மேன் கத்தியோட பிளேயரைச் சேர்க்கலை. பிளேயரை நடுவுல வச்சு மத்ததை அதோட கைப்பிடிக்குள்ள மடக்கினார். அதனால மல்டி டூல்னாலே முதல்ல அது ஒரு பிளேயர். பிளேயர் சரியில்லைன்னா மத்த இருபதும் வீண்.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு மாசம் எழுதுங்க

நான் ரெண்டாவது தடவை வாங்கறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சேன். ஒரு சின்ன நோட்டு. வீட்ல, பட்டறையில, வண்டியில, எப்பெல்லாம் ஒரு கருவி தேடினேனோ அப்பெல்லாம் குறிச்சேன்: என்ன வேலை, எது வேணும்னு தோணுச்சு, அது எங்கே இருந்துச்சு.

மாசக் கடைசியில பார்த்தா முதல் இடம் பிளேயருக்கு. கட்டுக்கம்பி முறுக்க, சூடான மூடியைப் பிடிக்க, ஆணி பிடுங்க. அடுத்தது கத்தி: சாக்குத் தையல், பார்சல், ஒயர் மேல் உறை. மூணாவது ஸ்க்ரூ டிரைவர். அப்புறம் கத்தரி. ரம்பம் ஒரு தடவைகூட இல்லை. கடையில் பார்த்தப்போ எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த ரம்பம்தான்!

உங்க நோட்டு வேற மாதிரி இருக்கும். தையல் வேலை செய்யறவங்களுக்குக் கத்தரி முதல்ல வரும். தோட்டம் வச்சிருக்கறவங்களுக்கு ரம்பம் வரும். அந்த வரிசையில் முதல் நாலை மட்டும் பாருங்க. அந்த நாலும் நல்லா இருக்கற கருவிதான் உங்களுக்கான மல்டி டூல். மீதி எல்லாம் இலவச இணைப்பு.

பிளேயரை எப்படிச் சோதிப்பது?

கடையில் நின்னுக்கிட்டே செய்யக்கூடிய சோதனைகள் சொல்றேன். வெட்கப்படாம செய்யுங்க.

வாயை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடிங்க. நுனி ரெண்டும் சரியா சேரணும். அடிப்பக்கம் சேர்ந்து நுனி திறந்திருந்தா சின்ன ஆணியைப் பிடிக்காது. ஒரு தாளை நுனியில் கவ்வி இழுங்க. வழுக்கினா வேண்டாம். அப்புறம் ரெண்டு தாடையையும் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்க. புதுசுலயே ஆட்டம் இருந்தா, நாளாக நாளாக அது கூடத்தான் செய்யும்.

அடுத்தது கைப்பிடி. உள்ளங்கையில் வச்சு இறுக்கமா அழுத்துங்க. சில கருவிகள்ல மடக்கின தகடோட விளிம்பு வெளிப்பக்கம் வரும். அழுத்தினா உள்ளங்கையை வெட்டற மாதிரி இருக்கும். விக்டோரினாக்ஸ் ஸ்விஸ்டூல், லெதர்மேன் வேவ் மாதிரியானவற்றில் உருண்ட பக்கம் உள்ளங்கையில் வர்ற மாதிரி அமைச்சிருப்பாங்க. பத்து நிமிஷம் தொடர்ந்து வேலை செஞ்சாத்தான் இந்த வித்தியாசம் புரியும், அதனால கடையிலேயே நல்லா அழுத்திப் பாருங்க.

இப்ப வெட்டற வேலை. இங்கதான் நிறைய பேர் கருவியைக் கெடுக்கறாங்க. நம்ம சாதாரண எட்டு இன்ச் கட்டிங் பிளேயர் சுமார் 20 சென்டிமீட்டர் நீளம். மல்டி டூல் மடக்கினா சுமார் 10 சென்டிமீட்டர், விரிச்சாலும் கைப்பிடி குட்டைதான். நெம்புகோல் கணக்கு எல்லாருக்கும் தெரியும்: கைப்பிடி குட்டையானா வெட்டற இடத்துல அழுத்தம் குறையும். வீட்டு ஒயரிங்ல வர்ற செம்புக் கம்பி பிரச்சினையே இல்லை. கட்டுக்கம்பி, 18 கேஜ், 1.2 மில்லிமீட்டர், வெண்ணெய் மாதிரி வெட்டும். 14 கேஜ் ஜிஐ கம்பி 2 மில்லிமீட்டர். கொஞ்சம் முயற்சி வேணும். துணி காயப்போடற 10 கேஜ் கம்பி 3.25 மில்லிமீட்டர். விட்டம் ஒன்றரை மடங்குதான், ஆனா வெட்டவேண்டிய பரப்பு ரெண்டரை மடங்கு. அதுக்குப் பெரிய பிளேயரை எடுங்க. சைக்கிள் ஸ்போக், ஸ்பிரிங் கம்பி மாதிரி கடினமான எஃகை வெட்டினா வெட்டும் விளிம்புல பள்ளம் விழும். லெதர்மேன் வேவ் பிளஸ்ல அந்த வெட்டு விளிம்பைக் கழட்டி மாத்தலாம். கம்பி வேலை அதிகம் செய்யறவங்க இந்த வசதி இருக்கான்னு பாருங்க.

லாக்: விரல் தப்பிக்கும் இடம்

கத்தி விரிஞ்சு நிக்கறதுல ரெண்டு விதம். முதல் விதத்துல முதுகுப்பக்கம் ஒரு ஸ்பிரிங் அழுத்திப் பிடிச்சிருக்கும், அவ்வளவுதான். கொஞ்சம் பலமா அழுத்தினா மடங்கிடும். சின்ன சுவிஸ் கத்திகள் பெரும்பாலும் இப்படித்தான். அது குறையில்லை. பழம் நறுக்க, பார்சல் பிரிக்க அது போதும். ரெண்டாவது விதத்துல உள்பக்கத் தகடு ஒண்ணு நகர்ந்து வந்து கத்தியோட அடியில் முட்டுக் கொடுத்து நிக்கும். அந்தத் தகட்டைத் தள்ளினாத்தான் மடங்கும். பட்டறை வேலைக்கு ரெண்டாவதுதான் வேணும்.

சோதனை இப்படி. கத்தியை முழுசா விரிச்சு, விரல்களை மடங்கும் பாதையிலிருந்து விலக்கி வச்சுக்கிட்டு, கத்தியோட முதுகை ஒரு மரத்துண்டு மேல மெதுவாத் தட்டுங்க. மடங்கக் கூடாது. ஆட்டமும் இருக்கக் கூடாது. கத்திக்கு மட்டுமில்ல, ஸ்க்ரூ டிரைவருக்கும் லாக் இருக்கான்னு பாருங்க. இறுகின ஸ்க்ரூவை அழுத்தித் திருப்பும்போது மடங்கினா அதுவும் விரலைத்தான் பதம் பார்க்கும். என்னை மாதிரி தையல் போட்டுக்கிட்டுக் கத்துக்காதீங்க.

இன்னொண்ணு. ஒரு கருவியை விரிக்கும்போது பக்கத்துல இருக்கற ரெண்டும் கூடவே எழுந்து வந்தா, அது எரிச்சல் மட்டுமில்ல, ஆபத்தும்கூட. கிரீஸ் கையோட இருக்கும்போது நகத்தால ஒவ்வொண்ணையும் தனியா எடுக்க முடியுதான்னு பாருங்க.

ஸ்க்ரூ டிரைவர்

வீட்ல நாம பார்க்கற ஸ்டார் ஸ்க்ரூ, அதாவது பிலிப்ஸ் தலை ஸ்க்ரூவில் பெரும்பாலானது 2-ம் நம்பர். கதவுக் கீல், தாழ்ப்பாள், சுவிட்ச் போர்டு எல்லாமே அநேகமா அதுதான். அதனால உங்க பாக்கெட்டில் ஒரு பழைய ஸ்க்ரூவைப் போட்டுக்கிட்டுக் கடைக்குப் போங்க. நுனியை அதுல வச்சுப் பாருங்க. முழுசா உட்காரணும், ஆடக் கூடாது. சில கருவிகள்ல இடம் மிச்சம் பண்ண ஸ்டார் நுனியைத் தட்டையா செஞ்சிருப்பாங்க. வேலை நடக்கும், ஆனா இறுகின ஸ்க்ரூவில் சீக்கிரம் வழுக்கும்.

நட்டைத் திருப்ப மல்டி டூல் எடுக்காதீங்க. பிளேயர் வாய் நட்டோட மூலையை உருட்டிடும். அப்புறம் ஸ்பேனரும் பிடிக்காது. வண்டிக்கு ஒரு 10, 12, 14 ஸ்பேனர் தனியா வச்சுக்கோங்க. மல்டி டூல் பட்டறைக்கு மாற்று இல்லை. சரியான கருவி தூரத்துல இருக்கும்போது அந்த நேரத்துக்குக் கை கொடுக்கறது, அவ்வளவுதான்.

எஃகும் நெய்வேலி மண்ணும்

இப்ப எல்லாரும் கேட்கற விஷயம்: எந்த ஸ்டீல் நல்லது? இதைப் புரிஞ்சுக்க எங்க ஊர் சுரங்கமே போதும்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி மேல கனமான மண்ணும் மணற்பாறையும் மூடியிருக்கு. அதை வெட்டி அகற்றத்தான் அந்தப் பெரிய சக்கர இயந்திரம், பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர். ஜெர்மனியிலிருந்து வந்த தொழில்நுட்பம். அந்த ஊரு மண் மென்மையானது. இங்க இருந்த மணற்பாறையோ அரம் மாதிரி. பக்கெட் முனையில் இருக்கற பற்கள் வேகமா தேய்ஞ்சுபோச்சு. பல்லை மாத்தி வடிவமைக்க வேண்டி வந்துச்சு, வெட்டறதுக்கு முன்னாடி வெடி வச்சுப் பாறையைத் தளர்த்த வேண்டி வந்துச்சு. எங்க அப்பா ரெண்டாவது சுரங்கத்துல ஃபிட்டரா இருந்தவர். அவர் சொல்லுவார்: “பல்லு கெட்டியா இருந்தா மட்டும் போதாதுடா. ரொம்பக் கெட்டியானா உடையும், ரொம்ப மெத்துன்னா தேயும். எதை வெட்டப்போறோம்னு பார்த்துத்தான் பல்லு.”

கத்திக்கும் இதே நியாயம்தான். எஃகோட கடினத்தை ராக்வெல் சி அளவில் சொல்லுவாங்க. விக்டோரினாக்ஸ் தன் பாக்கெட் கத்தியில் கத்திக்கு 56, கத்தரிக்கு 53, ஸ்க்ரூ டிரைவருக்கும் குத்தூசிக்கும் 52, ஸ்பிரிங்குக்கு 49 என்று வெவ்வேறு கடினம் கொடுக்கிறது. ஏன் எல்லாத்தையும் 56-ல் செய்யக் கூடாது? ஸ்க்ரூ டிரைவர் முறுக்கத்தைத் தாங்கணும். ரொம்பக் கடினமானா நுனி தெறிச்சிடும். ஸ்பிரிங் வளைஞ்சு திரும்பணும். ஒவ்வொண்ணுக்கும் அதோட வேலைக்கு ஏத்த கடினம். நல்ல கம்பெனிக்கும் மலிவுப் பொருளுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இங்கதான், கண்ணுக்குத் தெரியாத இடத்துல.

420எச்சி மாதிரி சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நமக்குப் போதும். சீக்கிரம் மழுங்கும், ஆனா வீட்ல சாணைக்கல்லுல அஞ்சு நிமிஷத்துல கூர் வந்துடும். விலை உயர்ந்த எஃகு ரொம்ப நாள் கூரா நிக்கும், ஆனா அதைத் தீட்ட வைரக்கல் மாதிரி ஏதாவது தேவைப்படும். உங்க வீட்ல என்ன கல் இருக்குன்னு பார்த்து முடிவு பண்ணுங்க.

இன்னொரு தவறான நம்பிக்கை. காந்தம் வச்சுப் பார்த்து, “ஒட்டுது, அப்ப இது ஸ்டெயின்லெஸ் இல்ல, டூப்ளிகேட்”னு சொல்லுவாங்க. எவர்சில்வர் பாத்திரத்துக்கு அந்தச் சோதனை ஓரளவு சரி. கத்திக்குத் தப்பு. கூர் நிக்கற மாதிரி சூடாக்கிப் பதப்படுத்தின ஸ்டெயின்லெஸ் வேற வகை. அதுல காந்தம் ஒட்டத்தான் செய்யும். அசல் லெதர்மேன்லயும் ஒட்டும்.

எடை

லெதர்மேன் வேவ் சுமார் 240 கிராம். ஸ்விஸ்டூல் ஸ்பிரிட் சுமார் 200 கிராம். பெரிய ஸ்விஸ்டூல் 300 கிராமை நெருங்கும். கையில் வச்சுப் பார்க்கும்போது எல்லாமே லேசாத்தான் தெரியும். வேட்டியிலயோ பேன்ட் பாக்கெட்லயோ போட்டுக்கிட்டு நாள் முழுக்க நடந்தா தெரியும். வாங்கறதுக்கு முன்னாடி கால் கிலோ எடைக்கல்லை ஒரு வாரம் பாக்கெட்டில் போட்டுப் பாருங்க. சிரிக்காதீங்க, நான் செஞ்சு பார்த்தேன். மூணாவது நாள் அதை வீட்லயே வச்சுட்டுக் கிளம்பினீங்கன்னா, உங்களுக்கு வேண்டியது பெல்ட்ல மாட்டற உறை, இல்லைன்னா சின்னக் கருவி. வீட்ல மேசை டிராயர்ல தூங்கற 300 கிராமைவிட, கையோட இருக்கற 100 கிராம் மேல்.

தானே புயலும் ஒரு கறுப்பு ஒயரும்

இது வரைக்கும் எதுக்குப் பயன்படுத்தலாம்னு சொன்னேன். எதுக்குக் கூடாதுன்னு சொல்ற இடம் இது. இதை மட்டும் கேட்டுட்டு மத்ததை மறந்தாலும் பரவாயில்லை.

2011 டிசம்பர் 30, விடியற்காலை. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட சாய்ஞ்ச அந்தப் புயல்தான். அப்ப நாங்க டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். விடிஞ்சு கதவைத் திறந்தா தெரு முழுக்க மரம். எங்க கேட் மேல ஒரு பெரிய கிளை. அந்தக் கிளையோட சிக்கி ஒரு கறுப்பு ஒயர். உள்ள என் வண்டி.

அப்ப நான் புதுசா, நல்லதா ஒரு மல்டி டூல் வாங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. இடுப்புல இருந்துச்சு. ராத்திரியிலிருந்தே கரண்ட் இல்லை. அது கேபிள் டிவி ஒயர்னு நானே முடிவு பண்ணி, பிளேயரை விரிச்சுக்கிட்டுக் கிட்டப் போயிட்டேன். பின்னாலிருந்து அப்பா போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. “டேய், கை வைக்காத!”

அப்புறம் நிதானமாக் கேட்டார். “அது கேபிள் ஒயர்னு யார் சொன்னா?” “கரண்ட் இல்லையேப்பா.” “ஃபேன் சுத்தலைங்கறது சாட்சி இல்லடா. எதிர்வீட்ல இன்வெர்ட்டர் ஓடுது பாரு. அது தப்பா கனெக்ஷன் குடுத்திருந்தா லைனுக்குத் திரும்பி வரும். எப்ப அவங்க சப்ளை குடுப்பாங்கன்னும் உனக்குத் தெரியாது.” அவர் சொன்னதுல எதுக்கும் என்கிட்ட பதில் இல்லை.

நாங்க ஒண்ணும் செய்யலை. கிளைப் பக்கமே யாரையும் போகவிடாம கயிறு கட்டினோம். மின்சாரப் பிரிவு ஆட்கள் வந்து இணைப்பைத் துண்டிச்சு, சோதிச்சு, எடுத்தாங்க. அது கேபிள் ஒயர் இல்லை. வீட்டுக்கு வர்ற சர்வீஸ் ஒயர்.

மல்டி டூலோட கைப்பிடி வெறும் எஃகு. மின்காப்பு கிடையாது. அதை 230 வோல்ட்டில் வைக்கறதும் விரலை வைக்கறதும் ஒண்ணுதான். கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுத்திக்கலாமான்னு சிலர் கேட்கறாங்க. கூடாது. கடையில் கிடைக்கற பிளேயர்ல கலர் பிளாஸ்டிக் உறை இருந்தாலே அது மின்வேலைக்கானதுன்னு அர்த்தமில்லை. சிலது வெறும் பிடிமானத்துக்கானது. ரெட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் பொறிச்சிருக்கான்னு பாருங்க. அப்படிப்பட்ட பிளேயரும் ஒரு டெஸ்டரும் தனியா வீட்ல இருக்கணும். மெயினை அணைக்கணும். டெஸ்டரை முதல்ல கரண்ட் இருக்கற இடத்துல வச்சு எரியுதான்னு பார்த்துட்டு, அப்புறம் வேலை செய்யற இடத்துல பார்க்கணும். சுவிட்ச் போர்டு மூடி ஸ்க்ரூவைக் கழட்டறதா இருந்தாலும் இதே வரிசைதான்.

அதுக்கப்புறம் வந்த நாட்கள்ல அந்தக் கருவி உழைச்சதையும் சொல்லணும். தார்ப்பாய்க் கயிறு அறுக்க, பிய்ஞ்ச ஜன்னல் தாழ்ப்பாளைத் திரும்ப மாட்ட, கட்டுக்கம்பியால கேட்டைக் கட்ட, ஸ்டவ் திரியைச் சரி பண்ண. கரண்ட் இல்லாத இருட்டுல டூல் பாக்ஸைத் தேடாம, இடுப்புல கை வச்சா கிடைக்கற ஒண்ணு. அதோட மதிப்பு அப்பத்தான் புரிஞ்சுது.

சட்டம், பயணம்

இந்தியாவில் ஆயுதச் சட்டம் 1959-ம் அதன் கீழ் வந்த 2016 விதிகளும் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்கானவை அதில் சேராது. மல்டி டூல் கத்தி பெரும்பாலும் அந்த நீளத்துல மூணில் ஒரு பங்கு கிட்டத்தான் வரும். அதுக்காக எல்லா இடத்துக்கும் கொண்டுபோகலாம்னு அர்த்தமில்லை. விமானத்துல கைப்பையில் கூடாது, செக்-இன் பெட்டியில்தான். மறந்து கொண்டுபோனா பாதுகாப்புச் சோதனையில் பறிகொடுத்துட்டு வரவேண்டியதுதான். தொழிற்சாலை, சுரங்கம், கோர்ட், தேர்வு மையம், எங்கே போனாலும் வாசல்ல கேட்டுக்கோங்க.

பலாப்பழமும் பராமரிப்பும்

பண்ருட்டி பக்கத்துல இருந்துக்கிட்டு இதைச் சொல்லாம விட முடியாது. மல்டி டூலால பலாப்பழம் வெட்டாதீங்க. கத்தி குட்டை, வேலை ஆகாது. பால் மட்டும் மூட்டுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். வேற வழியில்லாம வெட்டினா, முன்னாடியே கத்தியில் தேங்காய் எண்ணெய் தடவிக்கோங்க. முடிஞ்சதும் அந்த எண்ணெயையும் கழுவிடுங்க. மூட்டுல தங்கினா பிசுபிசுப்பாகித் தூசியைப் பிடிக்கும்.

மாசம் ஒரு தடவை: எல்லாத்தையும் விரிச்சு, சோப்புப் போட்ட வெந்நீர்ல பழைய பல் துலக்கும் பிரஷால தேய்ச்சு, நல்லா உலர்த்தி, மூட்டுக்கு மூட்டு ஒரு சொட்டு தையல் மிஷின் ஆயில். திறந்து மூடி, மிச்சத்தைத் துடைங்க. கடலோரம் இருக்கறவங்க இதையே வாரம் ஒரு தடவை செய்யுங்க. ஸ்டெயின்லெஸ்னா துருவே பிடிக்காதுன்னு அர்த்தமில்லை, மெதுவாத்தான் பிடிக்கும்னு அர்த்தம். உப்புக்காத்துல ஈரத்தோட மடக்கி வச்சா மூட்டுல புள்ளி புள்ளியா வரும்.

ரெண்டு கேள்விகள்

விருத்தாசலத்துலேருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: “ஐடிஐ ஃபிட்டர் படிக்கறேன். கையில் கொஞ்சம்தான் பணம் இருக்கு. மலிவா ஒரு மல்டி டூல் வாங்கலாமா?” வேண்டாம் தம்பி. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல கட்டிங் பிளேயர், ஒரு 2-ம் நம்பர் ஸ்க்ரூ டிரைவர், ஒரு டெஸ்டர் வாங்குங்க. மூணும் அந்த மலிவு மல்டி டூலைவிட நல்லா உழைக்கும். வேலைக்குப் போய்ச் சம்பாதிச்சு நல்லதா வாங்கிக்கலாம்.

இன்னொரு அக்கா: “எங்க வீட்டுக்காரருக்குப் பரிசாக் குடுக்கணும். டூப்ளிகேட் இல்லாம எப்படி வாங்கறது?” அக்கா, பாதி விலைக்குக் கிடைச்சா சந்தேகப்படுங்க. பில்லோட வாங்குங்க. லெதர்மேன் 25 வருஷ உத்தரவாதம் தர்றாங்க, விக்டோரினாக்ஸ் கத்திகளுக்குப் பொருள் குறைபாடு, செய்முறைக் குறைபாட்டுக்கு ஆயுள் உத்தரவாதம். ஆனா பழுதானா இந்தியாவில் யார்கிட்ட குடுக்கணும்னு பணம் கட்டறதுக்கு முன்னாடியே கடைக்காரரைக் கேளுங்க. பதில் சொல்ல முடியலைன்னா வேற கடை பாருங்க.

சுருக்கமாச் சொன்னா: ஒரு மாசம் எழுதுங்க. முதல் நாலு வேலையைப் பாருங்க. பிளேயர் நுனி, லாக், ஸ்க்ரூ நுனி, கைப்பிடி, இந்த நாலையும் கடையிலேயே சோதிங்க. தூக்கிட்டுப் போகக்கூடிய எடையில வாங்குங்க. கரண்ட் பக்கம் மட்டும் அதை எடுக்காதீங்க.

அப்பா ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆச்சு. நான் எத்தனையோ தடவை சொல்லியும் மல்டி டூல் வாங்கிக்க மாட்டேன்னுட்டார். அவர் சைக்கிள் பையில் இன்னும் அந்தப் பழைய கட்டிங் பிளேயரும் ஒரு திருப்புளியும்தான் இருக்கு. “எனக்கு இது ரெண்டும் என்ன செய்யும், என்ன செய்யாதுன்னு தெரியும். உன்னோடதுல இருக்கற இருபதுக்கும் உனக்குத் தெரியுமா?”ன்னு கேட்பார். இப்ப தெரியும்ப்பா, குத்தூசி உள்பட.

அடுத்த வாரம் சாணைக்கல்: எது வாங்கறது, எப்படித் தீட்டறது. உங்க வீட்டு அருவாமனையையும் எடுத்து வச்சுக்கோங்க.